காஸுக்குச் சிவப்புக் கொடி

ஐயாசாமி வாங்கிய வீட்டில் பலகைச் சுவர் இருந்தது, தகரக் கூரை இருந்தது, வற்றாத கிணறு இருந்தது, காய்க்கிற ரம்புத்தான் மரம் ஒன்று இருந்தது. சமையற்கட்டுக்கு நாலடி கீழே ஒரு காஸ் குழாயும் இருந்தது. இவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஐயாசாமி ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு ரயில்வே கேட்டில் இருபத்திரண்டு வருஷம் கேட்காரராக இருந்தவர். வண்டி வரும் நேரத்துக்குக் கேட்டை மூடுவார். ரோட்டில் வரும் மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் சிவப்புக் கொடி, ரயிலுக்குப் பச்சைக் கொடி. இத்தனை வருஷத்தில் ஒரு கோழி கூட அவருடைய கேட்டில் அடிபட்டுச் சாகவில்லை. பெரிய துரை ஒருவர் இதைப் பாராட்டி ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஐயாசாமி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

அவர் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு ரயில் என்றாலே ஆகாது. கேட் வீட்டு அடுப்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எட்டடிதான். கூட்ஸ் போனால் அடுப்பில் பானை ஆடும். மெயில் போனால் பானை இறங்கி நடக்கும். பால் தானாகப் பொங்கி அவள் பார்த்ததே கிடையாது. பொங்குவதற்குள் ஏதாவதொரு வண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும். இருபத்திரண்டு தைப்பொங்கலும் அப்படித்தான் போயிற்று.

"நகை வேணாம், சேலை வேணாங்க. அசையாத அடுப்பு ஒண்ணு இருந்தாப் போதும். அதுல ஒரு செம்புப் பால் பொங்கறத நின்னு பாக்கணும்" என்று அவள் சொல்வாள். ஐயாசாமியும் ஒவ்வொரு வருஷமும் தலையாட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அவருக்கு வேலை முடிகிற காலம் வந்தது. கேட் வீட்டைப் புது ஆளுக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் திரட்டி ஒரு சீனத் தையற்காரரிடம் இந்த வீட்டை வாங்கினார். நிலத்துப் பத்திரத்தில் வீட்டின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியது. இது என்ன என்று கேட்டதற்குத் தையற்காரர், "தீடா அப்பா லா!" என்றார். மலாயில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பிறகு பொந்தியானில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பி வீட்டுக்கு அன்று மாலையே குடும்பத்தோடு புறப்பட்டுப் போய்விட்டார். அவ்வளவு அவசரம் எதற்கு என்று ஐயாசாமி யோசித்திருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்கத் தண்டவாளத்தோடு வாழ்ந்த மனிதருக்கு நேரான கோட்டைக் கண்டு சந்தேகம் வருவதில்லை.

பால் காய்ச்சி வீடு குடிபுக மாரியம்மன் கோயில் பண்டாரம் நாள் பார்த்துக் கொடுத்தார். வைகாசி இருபத்தேழு, புதன்கிழமை, காலை பத்தே காலுக்கு மேல் பத்தே முக்காலுக்குள். அதை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிதான். ஆவணி வரை எங்கே போய் இருப்பது? பால் காய்ச்சாத வீட்டில் ஒரு பொழுதும் படுக்க மாட்டேன் என்று கிருஷ்ணம்மா முன்னமே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று வாரம் முந்தியே அவள் களிமண் பிசைந்து அடுப்புப் போட உட்கார்ந்தாள். மூன்று குமிழும் வைத்து, வழவழவென்று பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் சத்தம் போட்டார்.

"அம்மா! கைய எடுங்க! காஸ் மேல கை வச்சிருக்கீங்க!"

காக்கிச் சட்டை, தொப்பி, இடுப்பில் ஒரு கடிகாரம், கையில் நீளக் காம்பு வைத்த பித்தளைப் புனல். அவர் பெயர் லெட்சுமணன். காஸ் குழாய் வழி இலாகாவின் இன்ஸ்பெக்டர். புனலின் வாயைத் தரையில் கவிழ்த்துக் காம்பைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அமைதியாத்தான் இருக்கு. அதான் பயம்" என்றார்.

பிறகு ஐயாசாமியின் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். குழாய் வழிக்கு இரு பக்கமும் பன்னிரண்டு அடிக்குள் எந்த விதமான நெருப்பும் மூட்டக்கூடாது என்று அது சொல்லியது. சங்கிலி போட்டு அளந்து பார்த்தார்கள். வீடு முழுவதும் இருபத்துநாலு அடிக்குள் அடங்கிவிட்டது. வெளியே மிஞ்சியது கக்கூஸ் ஒன்றுதான். அங்கே தாராளமாகச் சமைக்கலாம், இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று லெட்சுமணன் பெருந்தன்மையோடு சொன்னார்.

"உங்க இலாகாக் கிராணிங்க வீட்டுல அங்கதான் சமைக்கிறாங்களா?" என்று கிருஷ்ணம்மா கேட்டாள். லெட்சுமணன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஐயாசாமி இலாகாவுக்குப் போனார்.

இந்த இலாகாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வருஷத்தில், சிங்கப்பூரிலிருந்து குழாய் வழியாகக் காஸ் கொண்டு வந்து ஜொகூர் பாருத் தெருக்களில் விளக்கேற்றுவது என்று ஒரு கம்பெனி திட்டம் போட்டது. குழாய் போகிற வழிக்கு ஊரெல்லாம் கோடு கிழித்து, இருபத்திரண்டு கல் நட்டு, அந்த வழியைக் காக்க ஒரு இலாகாவையும் ஏற்படுத்தினார்கள். இலாகா வந்துவிட்டது, குழாய் வரவில்லை. நடுவில் ஜெர்மன் சண்டை வந்தது. சண்டை முடிந்ததும் மின்சார விளக்கு வந்தது. கம்பெனி மூடிப் போயிற்று. இலாகாவை மூட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, எழுத வேண்டிய கடிதம் அந்த இலாகாவிலிருந்தே கிளம்ப வேண்டியிருந்ததால்.

பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி, நெற்றியில் அளந்து பூசிய திருநீறு. மேசையில் நாலு மைக்கூடு. ஐயாசாமி நோட்டீஸை நீட்டி, தமது கதையைச் சொல்லி முடித்தார்.

"நீர் குழாயைக் கண்டீரோ?" என்று ஏரம்பமூர்த்தி கேட்டார்.

"இல்லைங்க கிராணி ஐயா."

"நானும் காணயில்லை. பத்தொன்பது வருஷமாய் இந்தக் கந்தோரிலை இருக்கிறன், ஒரு நாள் எண்டாலும் காணயில்லை. கண்ணுக்குத் தெரியிற சாமானைப் பாதுகாக்க ஒரு காவற்காரன் போதும். தெரியாத சாமானைப் பாதுகாக்க ஒரு இலாகாவே வேணும். எங்கடை கஷ்டம் உமக்கு விளங்குதே?"

"விளங்குதுங்க. அப்ப… குழாயே போடலைங்களா?"

அறையில் தட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் நின்றது. மூன்று கிராணிகள் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். மூலையில் இருந்த பியூன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"மெல்லக் கதையும் காணும்!" என்றார் ஏரம்பமூர்த்தி. "போடயில்லை எண்டு ஆர் சொன்னது? போடப்பட்டதாய்க் கருதப்படுது. பைலிலை இருக்கு. உம்முடைய வீடு கூட உம்முடையது எண்டு கருதப்படுறதாலைதான் உம்முடையது. இல்லாட்டில் நாலு பலகை, ஒரு தகரம், அவ்வளவுதான்."

ஐயாசாமிக்குத் தம்முடைய வீடு கையை விட்டு நழுவுவது போல இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தார்.

நாலு நாள் கழித்து மறுபடியும் போனார். அடுப்பை மேடை கட்டி உயரத்தில் வைக்கலாமா என்று கேட்டார். விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று ஏரம்பமூர்த்தி பீரோவைத் திறந்து, செம்மறித் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் விளக்கினார்.

"விதி முப்பத்தாறு. காஸ் வருகிற வழியிலை மாடு படுத்திருந்தால், காஸ் மூன்று முறை நீளமாய் ஊத வேணும்."

ஐயாசாமியின் காது விடைத்தது.

"விதி முப்பத்தெட்டு. இருட்டு நேரத்திலை போகிற காஸ், தன்ரை கடைசிப் பெட்டியிலை…"

"செவப்பு வெளக்கு கட்டியிருக்கணும்" என்று ஐயாசாமி முடித்தார்.

ஏரம்பமூர்த்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது ரகசியப் புத்தகம். உமக்கு எப்பிடித் தெரியும்?"

ஐயாசாமிக்கு அது இருபத்திரண்டு வருஷப் பாடம். இலாகாவின் முதல் துரை வேறெங்கோ ஒரு ரயில்வேயில் இருந்து வந்தவர். காஸுக்கு விதி எழுதத் தெரியாமல், கையோடு கொண்டு வந்திருந்த ரயில்வே விதிப்புத்தகத்தில் 'வண்டி' என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுக் 'காஸ்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பத்தொன்பது வருஷமாக அதன்படிதான் எல்லாம் நடந்துவந்தது. வழியில் மாடு படுத்திருந்ததாகப் புகார் வந்தால் லெட்சுமணன் போய்க் காஸுக்காக மூன்று முறை தாமே ஊதிவிட்டு வருவார்.

"சும்மா கேள்வி ஞானந்தாங்க" என்று ஐயாசாமி பணிவாகச் சொன்னார். "அதுல இன்னொரு விதி இருக்குமே? லைன்ல வண்டி இல்லாத நேரத்துல குறுக்க போறவங்க போலாம்னு?"

ஏரம்பமூர்த்தி பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. "காஸ் இல்லாத நேரத்திலை குறுக்கே உள்ளவை நடக்கலாம்" என்று மெதுவாக வாசித்தார்.

"அப்ப எங்க வீட்டக் காஸ் எத்தன மணிக்குத் தாண்டுதுன்னு சொல்லுங்க கிராணி ஐயா. அந்த நேரத்துக்கு அடுப்ப அணைச்சிடறோம். தாண்டினதும் பத்த வச்சிக்கறோம். கேட்டு மூடித் தெறக்கற மாதிரிதாங்க. எனக்குப் பழக்கம்."

ஏரம்பமூர்த்தி புத்தகத்தை மூடினார். காஸ் வருவதற்கு நேரமே கிடையாது என்று சொன்னால், காஸே கிடையாது என்று சொன்னதாகிவிடும். அந்தச் சமயம் ஊரெல்லாம் ஆள் குறைப்பு. தேவையில்லாத இலாகாக்களைத் தேடி ஒரு கமிட்டி அறை அறையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு இலாகாக்கள் போன வாரம்தான் காணாமல் போயின. அவர் உள்ளே போய்த் துரையோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்.

வெளியே வந்தபோது கையில் கால அட்டவணை இருந்தது. காலை பத்து இருபதுக்கு ஒரு காஸ், மாலை மூன்று பத்துக்கு ஒரு காஸ். ஒவ்வொன்றும் தாண்டி முடிய அரை மணி நேரம். இந்த நேரங்கள் எப்படிக் கிடைத்தன என்றால், பியூன் பெரிய கிராணிக்குக் கோப்பி கொண்டு வருகிற நேரங்கள் அவை. அந்த இலாகாவில் தவறாமல் வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஐயாசாமி சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி வந்து கிருஷ்ணம்மாவிடம் சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"ஏங்க, பண்டாரம் குறிச்சுக் குடுத்தது பத்தே காலுக்கு மேலங்க. பத்தே காலுக்குப் பத்த வச்சா பால் சூடு ஏறறதுக்குள்ள காஸ் வந்துடுமே!"

"அலமாக்!" என்றார் ஐயாசாமி. திண்டாடிப் போய் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ரயில விட்டு வந்தோம்னு பாத்தா, அடுப்புக்கு அடியிலயே ரயில விட்டுட்டானுங்களே பாவிங்க" என்று அவள் அழுதாள். அவள் அழுது ஐயாசாமி அதிகம் பார்த்ததில்லை. பானை கவிழ்ந்த போதெல்லாம் திட்டுவாளே தவிர அழ மாட்டாள்.

மூன்றாம் தடவையாக இலாகாவுக்குப் போனார். அந்த ஒரு புதன்கிழமை மட்டும் காஸைக் கொஞ்சம் தாமதமாக விடும்படி மூன்று நகல் மனுவோடு கேட்டார். அவர் போன நேரம் பத்து இருபது. ஏரம்பமூர்த்தி கோப்பிக் கோப்பையோடு இருந்தார். கால அட்டவணை போட்டதிலிருந்து அவருக்குக் காஸின் மேல் ஒரு தனி மரியாதை வந்திருந்தது.

"என்ன கதை கதைக்கிறீர்?" என்றார். "நேரம் தவறாமல் போகிற காஸ் இது. போன கிழமை தொடங்கினதிலையிருந்து ஒரு நிமிஷம் பிந்தினது கிடையாது. நீரும் ரயில்வேக்காரன்தானே? கேட்காரன்ரை மனிசி பால் காய்ச்சுறாள் எண்டு மெயில் வண்டி எங்கையாவது நிண்டதுண்டோ?"

"நிக்காதுங்க."

"அப்ப?"

"மனு போட்டா நிக்காதுங்க. கொடி காட்டினா நிக்கும்" என்று ஐயாசாமி தலையைச் சொறிந்தார்.

"ஓம், கொடி காட்டினால் நிற்கத்தானே வேணும்? விதி நாற்பத்தொண்டு. தேர்ச்சி பெற்ற ஆள் சிவப்புக் கொடி காட்டினால் கொடிக்கு முன்னாலை நிற்க வேணும், பச்சை காட்டும் வரை அசையப்படாது" என்று சொல்லிவிட்டு ஏரம்பமூர்த்தி மிச்சக் கோப்பியைக் குடித்தார். ஐயாசாமி கும்பிட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை வாசற்படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினார்.

வைகாசி இருபத்தேழு விடிந்தது. வாசலில் மாவிலை கட்டி, கோலம் போட்டு, அக்கம்பக்கத்திலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். பண்டாரம் சாமி படத்துக்குப் பூ வைத்தார். கிருஷ்ணம்மா மஞ்சள் கட்டிய புதுப் பானையில் பாலை ஊற்றி, சுள்ளி அடுக்கி, நெருப்புக்குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். லெட்சுமணன் புனலோடு வந்துவிட்டார். வீட்டில் நெருப்பு எரியும்போது காஸ் தாண்டினால் அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஐயாசாமி உள்ளே போய்ப் பழைய ரயில்வே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். பித்தளைப் பொத்தான் ஐந்தும் பளபளத்தன. ரயில்வேக்காரர்கள் இனி உதவாது என்று தள்ளிவிட்ட கொடிகள் இரண்டு அவரிடம் இருந்தன. பச்சையைச் சுருட்டி அடுப்படி ஜன்னலில் வைத்தார். சிவப்பை எடுத்துக்கொண்டு தெற்கு வேலியோரம், இலாகாவின் பதினாலாம் நம்பர்க் கல்லுக்குப் பக்கத்தில் போய், சிங்கப்பூர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"என்னாங்க இது?" என்றார் லெட்சுமணன்.

"விதி நாப்பத்தொண்ணு" என்றார் ஐயாசாமி. சட்டைப் பையிலிருந்து பெரிய துரையின் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். தேர்ச்சி பெற்ற ஆள்தான் என்று அதில் கையெழுத்தோடு இருந்தது.

பத்து இருபதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கொடி விரிந்தது. காற்றில்லை. ஐயாசாமி கையை நீட்டி, இருபத்திரண்டு வருஷம் பிடித்த அதே பிடியாகப் பிடித்தார். லெட்சுமணன் பதறிப் போய்த் தரையில் குப்புறப் படுத்துப் புனலைக் கவிழ்த்தார். எல்லோரும் வேலியோரம் வந்து நின்றார்கள்.

லெட்சுமணனின் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. காஸ் நிற்கவில்லை என்று சொன்னால், இலாகாவின் காஸ் சிவப்புக் கொடியைத் தாண்டிப் போயிற்று என்று ஆகும். அது எட்டுக் கேள்வியுள்ள விசாரணை. காஸே வரவில்லை என்று சொன்னால், பதினோரு வருஷமாகத் தாம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று மனைவிக்குக் கூடப் பதில் சொல்ல முடியாது. நெற்றி வியர்வை புனலில் சொட்டியது.

"நின்னுடுச்சு" என்றார் கடைசியில். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "கல்லுக்கு ரெண்டடி முன்னாலயே நின்னுடுச்சுங்க. நல்ல பிரேக்கு" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"பத்த வை, கிருஷ்ணம்மா!" என்று ஐயாசாமி திரும்பாமலே கத்தினார்.

சுள்ளி பற்றியது. பால் சும்மா கிடந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாகக் கட்டியது. கிருஷ்ணம்மா வழக்கப்படி இரண்டு கையாலும் பானையைத் தாங்கிக்கொள்ளப் போனாள். பிறகு அது ஆடவில்லை என்று கண்டு கையை எடுத்துவிட்டாள். ஆடை சுருங்கியது, நடுவில் புடைத்தது, மெல்ல மெல்ல மேலே ஏறிப் பானை விளிம்பில் ஒரு நிமிஷம் நின்று, சுற்றிலும் ஒன்று போல வழிந்தது. குலவை போட வந்த பெண்கள் போட்டார்கள். கிருஷ்ணம்மாவுக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு அமைதியாக வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. பால் வழிந்து நெருப்பு புகைந்தது. ஜன்னலில் கிடந்த துணியை எடுத்துப் பானையைப் பிடித்து இறக்கினாள்.

வேலியோரம் நின்ற ஐயாசாமியும் கொடி பிடிக்காத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொடியைக் கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டு உள்ளே வந்து பால் குடித்தார். லெட்சுமணனுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

இலாகாவில் அன்று மாலை ஒரே கொண்டாட்டம். பத்தொன்பது வருஷமாக வெறுமையாக இருந்த 'சம்பவங்கள்' ரெஜிஸ்தரில் முதல் வரி விழுந்தது: பதினாலாம் நம்பர்க் கல்லில், கொடி காட்டியதால், காஸ் நின்றது. வராத சாமான் எப்படி நிற்கும்? நின்றது என்று எழுதியாயிற்று, ஆகவே வந்தது. அடுத்த வாரம் கமிட்டி வந்தபோது ஏரம்பமூர்த்தி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இவ்வளவு சுறுசுறுப்பான இலாகாவில் ஆள் போதவில்லை என்று கமிட்டி எழுதிவிட்டுப் போயிற்று.

இரண்டாவது வாரம்தான் ஏரம்பமூர்த்திக்கு உறைத்தது. ஐயாசாமி பச்சைக் கொடி காட்டவே இல்லை. விதிப்படி அந்தக் காஸ் இன்னும் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கால அட்டவணைப்படி தினம் இரண்டு காஸ் அதன் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஐயாசாமிக்கு உடனே பச்சை காட்டும்படி உத்தரவு வந்தது. பிறகு, பச்சை காட்டலாமே என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கும் பிறகு, தயவுசெய்து என்று ஆரம்பித்து ஒன்று வந்தது. மூன்றையும் லெட்சுமணன்தான் கொண்டு வந்து வாசித்துக் காட்டினார்.

"பச்ச காட்டினா காஸ் எங்க அடுப்புக்குக் கீழ வந்துடும். வந்தா அடுப்ப அணைக்கணும். இப்ப லைன் சும்மா கெடக்கு, அடுப்பு எரியலாம். விதி அப்படித்தானே இன்ஸ்பெக்டரே?" என்று ஐயாசாமி கேட்டார்.

"விதி அப்படித்தாங்க" என்று லெட்சுமணன் ஒப்புக்கொண்டார்.

"அப்ப கிராணி ஐயாவ ஒரு மனு போடச் சொல்லுங்க. மூணு நகல். திங்கக்கிழமை வந்தா பாப்போம்."

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் ரிக்‌ஷாவில் ஏரம்பமூர்த்தியே வந்து இறங்கினார். கையில் குடை, மூன்று நகல் மனு. கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது. சரியாகப் பத்து இருபது.

"ஐயாசாமியண்ணை!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முறை மாறியிருந்ததை ஐயாசாமி கவனித்தார். நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எண்பத்தைந்து காஸ் அண்ணை! இப்ப வந்ததோடை எண்பத்தைந்து! ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் நிற்குது. வால் சிங்கப்பூர்க் கரையிலை முட்டுது. ஏன் நிற்குது, எப்ப அசையும் எண்டு துரை நாளாந்தம் கேட்கிறார். நீங்கள் ஒருக்கால் பச்சையைக் காட்டினால் எனக்கு நித்திரை வரும்."

"பாவமாத்தாங்க இருக்கு" என்று ஐயாசாமி உண்மையாகவே சொன்னார். "ஏம்மா, கிராணி ஐயாவுக்குக் கோப்பி கொண்டா. அப்படியே அந்தப் பச்சக் கொடி எங்க கெடக்குன்னு பாரு."

உள்ளேயிருந்து பால் பொங்குகிற வாசனை வந்தது. ஏரம்பமூர்த்தி தம்மையறியாமல் கடிகாரத்தைப் பார்த்து, மூக்கை நிமிர்த்தினார். கிருஷ்ணம்மா கொதிக்கிற பாத்திரத்தோடு வந்து, அவர் முன்னால் வைத்த டம்ளரில் கோப்பியை நுரைக்க நுரைக்க ஊற்றினாள். சூடு தாங்காமல் பாத்திரத்தை ஒரு துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். கரியும் எண்ணெயும் பால் கறையும் ஏறி, அங்கங்கே நெருப்புச் சுட்ட ஓட்டையோடு இருந்தது துணி. ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை தெரிந்தது.

ஏரம்பமூர்த்தி அதையே பார்த்தார்.

"இதுதாங்க" என்றார் ஐயாசாமி. "பால் காய்ச்சின அன்னைக்கே அடுப்படிக்குப் போயிடுச்சு. இதக் காட்டினா காஸுக்குப் பச்சன்னு தெரியுமா?"

"தெரியாது" என்றார் ஏரம்பமூர்த்தி பெருமூச்சோடு. "விதி நாற்பத்து மூண்டு. கொடி தன்ரை நிறத்திலை இருக்க வேணும்." கோப்பியை ஒரு வாய் குடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "பரவாயில்லை. இலாகாவிலை புதுக் கொடிக்கு எழுதலாம். ஆனால் புதுசு வேணுமெண்டால் பழசைத் திருப்பித் தர வேணும், அதுவும் விதிதான். தங்கச்சி, அந்தக் கொடியை இஞ்சாலை தாங்கோ."

கிருஷ்ணம்மா பாத்திரத்தைத் துணியோடு மார்பருகே இழுத்துக்கொண்டாள்.

"இதக் குடுத்துட்டு நான் எதால பானையப் புடிக்கிறதாம்?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் அடுத்த பால் வைத்திருந்ததால் உள்ளே போனாள்.